விரல்ல மாட்டுற கிளிப்பும், 40 ஒளியாண்டு தள்ளி இருக்கிற கோளும்

உங்க வீட்டு அலமாரியில எங்கேயாவது ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் கிடக்கும். 2021 மே மாசம் அடிச்சுப் பிடிச்சு வாங்கினது. பேட்டரி கசிஞ்சு பச்சை பூத்துக்கூடப் போயிருக்கலாம். முடிஞ்சா எடுத்துப் புது பேட்டரி போட்டு, கிளிப்பைத் திறந்து பாருங்க. உள்ளே ஒரு பக்கம் சிவப்பா ஒரு புள்ளி எரியும். இந்த இழை அந்தச் சிவப்புப் புள்ளியில ஆரம்பிச்சு ஒரு சிவப்பு நட்சத்திரத்துல போய் முடியும். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வாங்க.

விஷயம் இதுதான். "இன்னொரு பூமி கிடைச்சாச்சு", "அங்கே காத்து இருக்காம்"னு ஃபார்வேர்ட் வந்துக்கிட்டே இருக்கு. அனுப்பிட்டு, "சார், இது உண்மையா?"ன்னு கேள்வி. ஒரு டாக்டர்கிட்ட ஏன் இதைக் கேக்கறீங்கன்னு முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் அந்த ஆய்வுகளைப் பத்திப் படிச்சப்போ, அடடா, இது நம்ம தினமும் வார்டுல பண்ற வேலைதானேன்னு தோணிச்சு. அதனால எழுதுறேன்.

கோளோட பேர் டிராப்பிஸ்ட்-1இ. கடைசியில இருக்கிற 'இ' ஆங்கில எழுத்து. நட்சத்திரத்தை 'ஏ'ன்னு வச்சுக்கிட்டு, கோள்களுக்கு 'பி'யில இருந்து பேர் வைப்பாங்க. அங்கே 'பி' முதல் 'எச்' வரை ஏழு கோள் இருக்கு. பெல்ஜியம் நாட்டு லியேஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிக்கேல் கியோன் குழு, சிலி நாட்டு லா சில்லாவில வச்சிருந்த வெறும் 60 செ.மீ. தொலைநோக்கியில இதை ஆரம்பிச்சது. தொலைநோக்கியோட பேர்தான் டிராப்பிஸ்ட். ஆங்கில எழுத்துகளைக் கோத்து வச்ச பேர்தான், ஆனா பெல்ஜியத்துத் துறவிகள் காய்ச்சுற பீருக்கும் அதே பேர். தெரிஞ்சேதான் வச்சிருக்காங்க. ஏழு கோளும் இருக்குன்னு அறிவிச்சது 2017 பிப்ரவரியில.

அந்த நட்சத்திரம் ஒரு சிவப்புக் குள்ளன். எடையில நம்ம சூரியன்ல 100ல 9 பங்கு. உருவத்துல நம்ம வியாழனைவிடக் கொஞ்சம்தான் பெருசு. மேற்பரப்பு சுமார் 2,300 டிகிரி செல்சியஸ், சூரியன் 5,500. அடுப்புல கங்கு மாதிரி. கங்கு பக்கத்துல உக்காந்தாத்தானே குளிர் காய முடியும்? அங்கேயும் ஏழு கோளும் ஒட்டிக்கிட்டு நிக்குது. நம்ம சூரியக் குடும்பத்துல கொண்டு வந்து வச்சா ஏழும் புதனோட பாதைக்கு உள்ளேயே அடங்கிடும். 'இ'க்கு ஒரு வருஷம்ங்கிறது 6.1 நாள். பூமியோட விட்டத்துல 92 சதவீதம், எடையில 69 சதவீதம். பாறைக் கோள். பூமிக்குச் சூரியன்ல இருந்து கிடைக்கிறதுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு வெளிச்சம் அதுக்குக் கிடைக்குது. அதனால 'உயிர் வாழத் தகுந்த மண்டலம்'ங்கிற பட்டியல்ல அது வந்துடுச்சு.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். ஃபார்வேர்ட் எல்லாம் தப்பாப் போறது இங்கேதான்.

'உயிர் வாழத் தகுந்த மண்டலம்'னா என்ன? போதுமான காற்று இருந்தா, தரையில தண்ணி திரவமா நிக்கக்கூடிய தூரம். அவ்வளவுதான். அந்த 'இருந்தா'வைக் கவனிங்க. நம்ம நிலா எங்கே இருக்கு? சூரியன்ல இருந்து பூமி எவ்வளவு தூரமோ அதே தூரத்துல. அதே மண்டலத்துக்கு உள்ளேதான். ஒரு வாய் காத்துகூடக் கிடையாது.

நாங்க முகாம் போட்டு ரேண்டம் சுகர் பார்ப்போம் இல்லையா? 180 வந்தவங்ககிட்ட, "வெறும் வயித்துல ஒரு தடவை பாருங்க"ன்னு சீட்டு எழுதிக் கொடுப்போம். அது சர்க்கரை நோய்ங்கிற தீர்ப்பு கிடையாது. அடுத்த டெஸ்டுக்கு யாரை அனுப்பணும்னு பிரிக்கிற வேலை. 'வாழத் தகுந்த மண்டலம்'ங்கிறதும் அந்தச் சீட்டுதான். அதைக் கையில வாங்கினவுடனே "பக்கத்து வீட்டுக்காரருக்கு சுகர் வந்துடுச்சாம்"னு தெரு முழுக்கச் சொன்னா எப்படி இருக்கும்? செய்தித் தலைப்புகள் பண்றது அதைத்தான்.

சரி, அடுத்த டெஸ்ட் என்ன? காத்து இருக்கா இல்லையான்னு பார்க்கணும். 40 ஒளியாண்டு தூரம். வாயேஜர்-1 போற வேகத்துல போனா 7 லட்சம் வருஷத்துக்கு மேல ஆகும். நேர்ல போய் ஸ்டெதஸ்கோப் வைக்க முடியாது.

இப்போ அந்த ஆக்சிமீட்டரைக் கையில எடுங்க.

விரலுக்கு ஒரு பக்கத்துல இருந்து ரெண்டு விதமான ஒளி போகுது. ஒண்ணு சிவப்பு, கண்ணுக்குத் தெரியும். இன்னொண்ணு அகச்சிவப்பு, தெரியாது. ஆக்சிஜன் ஏத்திக்கிட்ட ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகமா விட்டுடும், அகச்சிவப்பை அதிகமாப் பிடிச்சுக்கும். ஆக்சிஜன் இல்லாதது நேர்மாறு. அந்தப் பக்கம் எந்த ஒளி எவ்வளவு தப்பிச்சு வந்துச்சுன்னு பார்த்து கருவி கணக்குப் போடுது. ஒரு சொட்டு ரத்தம் எடுக்கல, ஊசி குத்தல.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. விரல்ல ரத்தம் மட்டுமா இருக்கு? தோல், எலும்பு, கொழுப்பு, சிரை ரத்தம்னு எல்லாமே ஒளியைத் தின்னும். தமனி ரத்தத்தை மட்டும் எப்படிப் பிரிக்கிறது? இதுக்கு வழி கண்டுபிடிச்சவர் ஜப்பான்ல நிகோன் கோடென் கம்பெனியில வேலை பார்த்த தகுவோ அவோயாகி, 1970கள்ல. அவர் முதல்ல பண்ணிக்கிட்டு இருந்தது வேற ஆராய்ச்சி. இதயம் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுதுன்னு காதுல ஒளியை விட்டு அளந்துக்கிட்டு இருந்தார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து அளவீட்டைக் கெடுத்துக்கிட்டே இருந்துச்சு. அந்தத் தொல்லையை ஒழிக்கப் பார்த்தவருக்குத்தான், துடிக்கிறது தமனி ரத்தம் மட்டும்தானே, துடிக்காததையெல்லாம் கழிச்சுட்டா மிச்சம் அதுதானேன்னு பொறி தட்டுச்சு. 2020 ஏப்ரல்ல, உலகமே அந்தக் கிளிப்பைத் தேடி ஓட ஆரம்பிச்ச நேரத்துல, 84 வயசுல அவர் காலமானார்.

டிராப்பிஸ்ட்-1ல பண்றதும் இதே வேலைதான். ஒளி அந்த நட்சத்திரத்தோடது. ஆறு நாளைக்கு ஒரு தடவை 'இ' அதுக்குக் குறுக்கே போகும். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவா ஆகும். அப்போ நட்சத்திரத்தோட வெளிச்சம் 200ல ஒரு பங்கு மங்கும். அதுதான் அதோட 'துடிப்பு'. கோளைச் சுத்திக் காத்து இருந்தா, கொஞ்சம் நட்சத்திர ஒளி அந்தக் காத்து வழியா வடிகட்டி நமக்கு வரும். கார்பன் டை ஆக்சைடு ஒரு குறிப்பிட்ட அகச்சிவப்பு நிறத்தைத் தின்னும், மீத்தேன் வேறொண்ணைத் தின்னும். கோள் குறுக்கே வராதப்போ எடுத்த நிறமாலையையும் வந்தப்போ எடுத்ததையும் வச்சு ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பார்க்கணும்.

கேக்க சுலபம். ஆனா தேடுற வித்தியாசம் பத்து லட்சத்துல சில பத்துப் பங்குதான். 2021 டிசம்பர் 25ல ஏவின ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, 6.5 மீட்டர் கண்ணாடி, பூமியில இருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி நிக்குது. அது இல்லாம இந்த டெஸ்டை யோசிச்சுக்கூடப் பார்த்திருக்க முடியாது.

முதல்ல உள்வட்டத்துல இருக்கிற ரெண்டு கோளைத்தான் பார்த்தாங்க, அதுவும் வேற முறையில. சுருக்கமாச் சொன்னா தெர்மாமீட்டர் வச்சாங்க. இந்தக் கோள்கள் எப்பவும் ஒரே முகத்தைத்தான் நட்சத்திரத்துக்குக் காட்டிக்கிட்டு இருக்கும்னு எதிர்பார்க்கிறாங்க. ஒரு பக்கம் நிரந்தரப் பகல், மறுபக்கம் நிரந்தர ராத்திரி. கனமான காத்து இருந்தா அது சூட்டைச் சுமந்து ராத்திரிப் பக்கம் கொண்டு போய்ப் பரப்பும், பகல் பக்கம் கொஞ்சம் தணியும். 2023 மார்ச்ல 'பி'யோட பகல் பக்கம் சுமார் 230 டிகிரி செல்சியஸ்னு வந்துச்சு. காத்தே இல்லாத பாறை எவ்வளவு கொதிக்குமோ கிட்டத்தட்ட அவ்வளவு. ஜூன்ல 'சி' சுமார் 107 டிகிரி. வெள்ளிக் கோள்ல இருக்கிற மாதிரி கனமான கார்பன் டை ஆக்சைடு போர்வை அங்கேயும் இல்லைங்கிறதை அது காட்டிச்சு.

இது ஏன்னு கேட்டா, நோயாளியோட சின்ன வயசு வரலாற்றைக் கேக்கணும். சிவப்புக் குள்ளன் பிறந்த புதுசுல இப்போ இருக்கிறதைவிடப் பிரகாசமா எரியும், அதுவும் ரொம்பக் காலத்துக்கு. இப்போ இதமா இருக்கிற தூரம் அன்னிக்கு உலை. பத்து வயசுல வந்த வாதக் காய்ச்சல் போயிடும், ஆனா இதய வால்வுல தழும்பை விட்டுட்டுப் போயிடும். முப்பது வயசுல மூச்சு வாங்குதுன்னு வந்து நிப்பாங்க. அந்த மாதிரி. டிராப்பிஸ்ட்-1க்கு வயசு சுமார் 760 கோடி வருஷம், நம்ம சூரியனைவிட மூத்தது. இப்பவும் அப்பப்போ வெடிச்சுக் கதிர்வீச்சைக் கக்குற சுபாவம் அதுக்கு உண்டு. அந்த இளமைக் காலத்துச் சூட்டுல கோள்களோட காத்தும் தண்ணியும் எவ்வளவு பறிபோச்சுங்கிறதுதான் பெரிய கேள்வி. 'இ' கொஞ்சம் தள்ளி இருக்கு. தப்பிச்சிருக்கலாம்.

2023ல நாலு தடவை 'இ' குறுக்கே போறதை ஜேம்ஸ் வெப் பதிவு பண்ணிச்சு. முடிவு வெளியானது 2025 செப்டம்பர்ல. என்ன வந்துச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி வார்டுல நடந்த ஒண்ணைச் சொல்லிடறேன். இல்லேன்னா அந்த முடிவு உங்களுக்குச் சப்புன்னு இருக்கும்.

கோவிட் ரெண்டாவது அலை. நைட் டியூட்டி. கட்டட வேலை பார்க்கிற ஒருத்தர், வெயில்ல நின்னு நின்னு கருத்த உடம்பு. கிளிப் 95ன்னு காட்டுது. ஆனா மூச்சு நிமிஷத்துக்கு 32, கழுத்துத் தசை எல்லாம் இழுக்குது. பக்கத்து பெட்ல இருக்கிறவருக்கு 84. ஆக்சிஜனை எண்ணி எண்ணிக் கொடுத்த நாள் அது. "சார், இவருக்கு 95 இருக்கே, அவருக்கு மாத்திடட்டுமா?"ன்னு சிஸ்டர் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். கொஞ்சம் பொறுங்க சிஸ்டர்னு சொல்லிட்டு, மணிக்கட்டுத் தமனியில ரத்தம் எடுத்து ஏ.பி.ஜி. பார்த்தேன். 87 வந்துச்சு. எப்படியோ ரெண்டு பேருக்கும் ஏற்பாடு பண்ணோம். 19 நாள் கழிச்சு அவர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

இது ஏதோ ஒரு ஓட்டைக் கருவியோட கதை கிடையாது. 2020 டிசம்பர்ல மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. கருவி 92க்கும் 96க்கும் நடுவுல காட்டினவங்கள்ல, தமனி ரத்தத்துல உண்மையில 88க்குக் கீழே இருந்தவங்க வெள்ளையர்கள்ல 3.6 சதவீதம், கறுப்பினத்தவர்கள்ல 11.7 சதவீதம். தோல்ல இருக்கிற மெலனினும் ஒளியைத் தின்னும். கருவியோட கணக்கு அதுக்குச் சரியா ஈடு கட்டல. நம்ம ஊர்த் தோலுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். கருவி அளந்தது நிஜம்தான். ஆனா அளந்ததுல எவ்வளவு ரத்தத்தோடது, எவ்வளவு தோலோடதுங்கிறதுதான் வம்பு.

இப்போ 'இ'க்கு வாங்க. ஆக்சிமீட்டர்ல விளக்காவது நம்ம விளக்கு. டிராப்பிஸ்ட்-1ல விளக்கே நோயாளி மாதிரி. அந்த நட்சத்திரத்து முகம் முழுக்கக் கரும்புள்ளியும் வெளிர்புள்ளியுமா இருக்கு. அது சுத்தச் சுத்த, புள்ளிகள் வரும், போகும். கோள் குறுக்கே போற பட்டையில புள்ளி இல்லாம, மிச்ச இடத்துல இருந்தா, கணக்கு ஒரு பக்கமாச் சாயும். அதுக்கு மேல, இந்த நட்சத்திரம் எவ்வளவு குளிர்ந்ததுன்னா அதோட மேல்பரப்புலயே நீராவி இருக்கு. ஆமா, நட்சத்திரத்துல நீராவி. அப்போ நிறமாலையில தண்ணியோட தடம் தெரிஞ்சா, அது கோளோட தண்ணியா, விளக்கோட தண்ணியா?

நாலு தடவையும் நாலு விதமா வந்துச்சு. நட்சத்திரத்தோட புள்ளிகள் பண்ற கலப்படம், தேடுற சமிக்ஞையைவிடப் பல மடங்கு பெருசு. அதையெல்லாம் முடிஞ்சவரை கழிச்சுட்டு அவங்க சொன்னது இது: பிறந்தப்போ போர்த்திக்கிட்ட ஹைட்ரஜன் போர்வை இப்போ இல்லை, இதை ஓரளவு உறுதியாச் சொல்லலாம். வெள்ளியில இருக்கிற மாதிரி கார்பன் டை ஆக்சைடு நிறைஞ்ச காத்து இருக்க வாய்ப்பு குறைவு. இதை அவ்வளவு உறுதியாச் சொல்ல முடியாது. நைட்ரஜன் நிறைஞ்ச காத்து, அதாவது நம்ம பூமியிலயும் சனியோட டைட்டன் நிலாவுலயும் இருக்கிற வகை, இருக்கலாம். ஒண்ணுமே இல்லாத மொட்டைப் பாறையாவும் இருக்கலாம்.

எங்க பாஷையில இதுக்குப் பேர் 'இன்டிடெர்மினேட்'. நெஞ்சு சி.டி.யில 7 மி.மீ.ல ஒரு சின்ன முடிச்சு தெரியும். புத்துநோயா? சொல்ல முடியாது. பழைய டி.பி. தழும்பா? அதுவும் சொல்ல முடியாது. "ஆறு மாசம் கழிச்சு இன்னொரு சி.டி. எடுக்கணும்மா"ன்னு சொன்னா, எதிர்ல இருக்கிற மூஞ்சி எப்படி மாறும்னு எனக்குத் தெரியும். ஒரு மகன் தனியா வந்து, "டாக்டர், அம்மா வெளியே போயிட்டாங்க. இப்போ உண்மையைச் சொல்லுங்க"ன்னு கேட்டார். அந்த அம்மா முன்னாடி சொன்னதுதான் முழு உண்மைன்னு அவருக்குப் புரிய வைக்க எனக்கு இருபது நிமிஷம் ஆச்சு. 'தெரியல'ன்னா மறைக்கிறாங்கன்னு அர்த்தம் எடுத்துக்கப் பழகிட்டோம். இந்தப் பயத்தைக் காசாக்க ஆளும் இருக்கு. தெருமுனையில யாரோ ஒருத்தர் அந்த முடிச்சைக் கரைக்கிறேன்னு சூரணம் விப்பார். யூடியூப்ல யாரோ ஒருத்தர் 'இ'யில ஏலியன் இருக்குன்னு விப்பார்.

அந்த நிறமாலையில மீத்தேன் மாதிரி ஒரு லேசான சாடை தெரிஞ்சதும் உண்மை. ஃபார்வேர்டுக்குத் தீனி அதுதான். அதுவும் நட்சத்திரம் பண்ற வேலையா இருக்க வாய்ப்பு அதிகம்னு வானியலாளர்களே எழுதிட்டாங்க. அந்தப் பாதி மட்டும் ஃபார்வேர்டுல வரல.

இதுக்கு அடுத்து அவங்க திட்டம் போட்டு இறங்கியிருக்கிற வேலைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரத்தப் பரிசோதனை லேப்ல நோயாளி மாதிரியோட கூடவே 'கன்ட்ரோல்'னு ஒண்ணை ஓட்டுவாங்க. அதுல என்ன வரணும்னு முன்னாடியே தெரியும். அது தப்பா வந்தா இயந்திரத்துல கோளாறு. எவ்வளவு கோளாறோ அவ்வளவைச் சரிக்கட்டணும். நட்சத்திரத்துக்குக் கன்ட்ரோலுக்கு எங்கே போறது? அதே வீட்டுல இருக்கு. உள்வட்டத்துல இருக்கிற 'பி', காத்தே இல்லாத பாறைன்னு பெரும்பாலும் நம்புறாங்களே, அதுதான். 'பி'யும் 'இ'யும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா, சில மணி நேர இடைவெளியில குறுக்கே போற வேளையாப் பார்த்துப் பிடிக்கணும். அந்தச் சில மணி நேரத்துல நட்சத்திரம் பெருசா மாறியிருக்காது. 'பி' போனப்போ தெரியுற நிறக் கோணல் எல்லாம் நட்சத்திரத்தோடது. அதை 'இ'யில இருந்து கழி. மிச்சம் இருந்தா அது 'இ'யோட காத்து. தொல்லையைத் தூக்கிப் போடாம அதையே அளவுகோலா ஆக்கிக்கிறது. அவோயாகி இருந்திருந்தா ரசிச்சிருப்பார்.

இப்படி 15 ஜோடிக் கடப்புகள் வேணும்னு கேட்டு வாங்கியிருக்காங்க. 'இ' ஆறு நாளைக்கு ஒரு தடவை வந்தாலும், 'பி' கூடச் சேர்ந்து வர்ற நாள் குறைவு. வருஷத்துல சில மாசம்தான் அந்தத் திசையை ஜேம்ஸ் வெப்பால பார்க்கவும் முடியும். அதனால இது வருஷக் கணக்குல இழுக்கும். நடுவுல "உறுதியாச்சு"ன்னு ஃபார்வேர்ட் வந்தா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: நட்சத்திரத்தை எப்படிக் கழிச்சாங்க?

2023ல ஜேம்ஸ் வெப் பிடிச்ச அந்த ஒளி அங்கேயிருந்து கிளம்பினது 1982 வாக்குல. உங்கள்ல பாதிப் பேர் அப்போ பிறந்திருக்கவே மாட்டீங்க.

அது கும்ப ராசி நட்சத்திரக் கூட்டத்துல இருக்கு. அக்டோபர் மாசம் ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்கு மொட்டை மாடிக்குப் போனீங்கன்னா, கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே, கொஞ்சம் தெற்கே சாஞ்ச மாதிரி அந்தத் திசை வரும். நட்சத்திரம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. சாதாரண பைனாகுலர்லயும் தெரியாது, அவ்வளவு மங்கல். கேள்வி இருந்தா கீழே போடுங்க. ஓ.பி. முடிஞ்சு சாயங்காலம் வந்து பதில் சொல்றேன். விரல் ஜில்லுன்னு இருந்தாலும் நெயில் பாலிஷ் அடர்த்தியா இருந்தாலும் ஆக்சிமீட்டர் தப்பாக் காட்டும்; கையைத் தேய்ச்சுச் சூடாக்கிட்டு, பாலிஷைத் துடைச்சுட்டு மாட்டுங்க.